சாம்பல் தொட்டியில் விழுந்த சக்கை

தொபுக்.

எத்தனையோ வருடம் ஆகியும் வால்புர்காவின் காதில் அந்தச் சத்தம் இருக்கிறது. ஈரமான, கனமான, சற்றே வெட்கப்பட்ட சத்தம். அவள் கணவன் கோர்பினியன் நிலவறையில் பீர் காய்ச்சி முடித்து, அண்டாவின் அடியில் தங்கிய, பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் சக்கையை முற்றத்துக் குப்பைத் தொட்டியில் கவிழ்த்த சத்தம்.

உடனே கீழ்வீட்டு ஜன்னல் திறந்தது.

"அது சாம்பல் நிறத் தொட்டி, மக்காத குப்பைக்கு," என்றாள் ரோஸ்வித்தா.

"தெரியும்ங்க."

"ஹாப்ஸ் மக்குற குப்பை. பழுப்புத் தொட்டியில போடணும்."

"அதுவும் தெரியும்ங்க."

"தெரிஞ்சேதான் போட்டீங்களா?"

ஜெர்மனியில், பவேரியாவின் அந்தச் சிற்றூரில் ஒருவன் பெண்டாட்டியை விட்டு ஓடிப்போனால்கூட ஒரு மாதத்தில் மன்னித்துவிடுவார்கள். தொட்டி மாற்றிக் குப்பை போட்டவனுக்கு மன்னிப்பு கிடையாது.

"என் ரோஜாவுக்கு எருவாப் போடக் கேட்டேனே. முன்னெல்லாம் வாளி வாளியாக் கொடுத்தீங்க. ரெண்டு வருஷமாக் கையை விரிக்கிறீங்க. பீர்ல கஞ்சத்தனம் பார்த்திருக்கேன். சக்கையிலயுமா?"

அவளுடைய குட்டைக்கால் நாய் ஃப்ளோக்கி ஜன்னல் விளிம்பில் நின்று, அதையே தானும் கேட்பதுபோல் குரைத்தது.

கோர்பினியன் தொட்டியைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான்.

இது முதல் குற்றமும் இல்லை. அதற்கு முந்தின குளிர்காலத்தில் அவன் சக்கையைக் கழிப்பறையில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட, குழாய் அடைத்து, ரோஸ்வித்தாவின் குளியல் தொட்டியில் பச்சைக் குழம்பு பொங்கியது. அப்போது அவள் அதற்குள் இருந்தாள்.

எனவே குடியிருப்போர் கூட்டம் கூடியது. மூத்த குடித்தனக்காரர் எங்கெல்பெர்ட்டின் வரவேற்பறை. உப்பு தூவிய பிரெட்செல் ரொட்டி. எல்லோர் கையிலும் கோர்பினியன் காய்ச்சிய பீர். குற்றவாளியே ஒவ்வொரு கோப்பையாக ஊற்றிக் கொடுத்தான்.

"பீர் அருமை," என்றார் எங்கெல்பெர்ட், மீசை நுரையைத் துடைத்தபடி. "சரி, விசாரணைக்கு வருவோம். சக்கையை இந்த அம்மாவுக்குக் கொடுப்பீங்களா?"

"மாட்டேன்."

"பழுப்புத் தொட்டியிலயாவது போடுவீங்களா?"

"அதுக்குப் பூட்டு இல்லையே. மூடியும் சரியா மூடல."

"குப்பைக்கு எதுக்குய்யா பூட்டு? யாரு திருடப் போறா?"

"நான்தான்," என்றாள் ரோஸ்வித்தா. "ராத்திரி முகமூடி போட்டுக்கிட்டு வருவேன்னு பயம்."

அறை முழுக்கச் சிரிப்பு. மேஜைக்கடியில் ஃப்ளோக்கி கோர்பினியனின் செருப்பை நக்க வந்தது. அவன் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"பாருங்க, வாயில்லாத ஜீவனக்கூடப் பிடிக்கல. செத்துப்போன என் பழைய நாய் லும்பிமேல எவ்வளவு உசுரா இருந்த மனுஷன். மனசு எப்படித்தான் இப்படி வறண்டு போகுமோ."

எங்கெல்பெர்ட் தொண்டையைச் செருமினார். "ஒண்ணு, ஒழுங்கா விதிப்படி நடக்கணும். இல்லே, நிலவறைச் சாவியைத் திருப்பித் தரணும். என்ன சொல்றீங்க?"

வால்புர்கா கணவனின் முகத்தையே பார்த்தாள். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற பிறகு அவன் வாய்விட்டுப் பாடுவது அந்த நிலவறையில் மட்டும்தான். ஆவி எழும் அண்டாவுக்கு முன்னால், சுருதியே சேராமல், சந்தோஷமாக. ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒரு பொய்க் காரணமாவது.

அவன் பிரெட்செல்லில் ஒட்டியிருந்த உப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"சாவியைத் திருப்பி வாங்கணும்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க."

எல்லாக் கைகளும் எழுந்தன. அவமானம் பிடுங்கித் தின்றதில், வால்புர்காவின் கையும்தான்.

மாடிப்படியில் அவள் வெடித்தாள். "ஊரே சிரிக்குது. ஏன்னு ஒரு காரணம் சொல்லக் கூடாதா உனக்கு?"

கோர்பினியன் படியில் உட்கார்ந்தான்.

"ஹாப்ஸ் சக்கை நாய்க்கு விஷம், புர்கி. தின்னா உடம்பு கொதிச்சே செத்துப்போகும். நானே ரொம்பத் தாமதமாத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்."

"அதை அங்கயே சொல்ல வேண்டியதுதானே. ஃப்ளோக்கிமேல உசுரையே வச்சிருக்கா. உன் கால்ல விழுந்து நன்றி சொல்லியிருப்பாளே."

"சொல்லியிருப்பா. அப்புறம் வீட்டுக்குப் போய் யோசிப்பா." அவன் குரலைத் தாழ்த்தினான். "லும்பி செத்ததுக்கு முந்தின நாள் என்கிட்ட ஒரு வாளி சக்கை வாங்கிட்டுப் போனா. தன் கையாலயே ரோஜாவுக்கடியில பரப்பினா. வெயில்தான் கொன்னுதுன்னு இன்னிக்கும் நம்பிட்டிருக்கா. நம்பட்டும்."

கீழ்வீட்டில் ரோஸ்வித்தா நாயைக் கொஞ்சுவது கேட்டது. வால்புர்கா அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நானும் கையைத் தூக்கினேன்."

"பார்த்தேன். நல்லதாப் போச்சு. அடுத்த தடவை எங்க கொட்டுறதுன்னு எனக்கே தெரியல."

அதன் பிறகு கோர்பினியன் பீர் காய்ச்சவில்லை. ஃப்ளோக்கி கண் மங்கி, பல் உதிர்ந்து, நல்ல கிழட்டு வயதில் ரோஸ்வித்தாவின் மடியில் செத்தது.