ஜெர்மனிப் பெரியவர்

"இன்னொருக்கா படி, அம்மிணி" என்றார் அப்பா.

நீல ஏர்மெயில் தாளை மறுபடி பிரித்தேன். அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. மல்லசமுத்திரம் தபாலில் அவருக்கு எது வந்தாலும் நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.

கடிதம் என் தம்பி கைலாசம் எழுதியது. ஜெர்மனியில் மேல்படிப்பு. எழுபத்தாறில் விமானம் ஏறியவன், இரண்டு வருடமாக ஊர்ப்பக்கம் வரவில்லை. இப்போது காலேஜ் லீவு. வேறோர் ஊரில் சினேகிதர்களோடு தங்கி இரண்டு மாதத்துக்கு ஒரு வேலையில் சேர்ந்திருக்கிறான். இங்கே ஆடிக்காற்று மண்ணை வாரி இறைக்கிறது. அங்கே இதுதான் கோடையாம்.

ஒரே மகன். ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட ஆள் உண்டு, ஒரு செம்பு தண்ணீர் மொண்டு ஊற்ற ஆள் இல்லை.

பக்கவாதம் வந்து அப்பாவுக்கு வலது கையும் காலும் விழுந்து நாலு மாதம். பண்ணையத்து வேலைக்காரர் ஆண்டிதான் தினமும் அவரைத் தூக்கி உட்காரவைத்துக் குளிப்பாட்டுவார். ஆண்டிக்கு மஞ்சள் காமாலை கண்டு, மேட்டூரில் மகள் வீட்டுக்குப் போய்ப் பதினொரு நாள் ஆகிறது. என் வீட்டுக்காரர் லாரியோடு வடக்கே போயிருக்கிறார். பதினொரு நாளாக அப்பாவின் முதுகில் தண்ணீர் படவில்லை.

வேறு ஆளைக் கூப்பிட விடமாட்டார். என்னையும் தொட விடமாட்டார்.

மூன்று தடவை சுடுதண்ணீரோடு பக்கத்தில் போனேன். மூன்று தடவையும் செம்பைத் தட்டிவிட்டார். விழுந்தது வலது கைதான். இடது கைக்குக் காடு உழுத பலம் இன்னும் இருக்கிறது.

இடுப்புக்குக் கீழே புண் வைத்துவிட்டது. நேற்று திருச்செங்கோட்டிலிருந்து டாக்டர் வந்து பார்த்தார். தினமும் இரண்டு வேளை கழுவித் துடைத்துப் புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் புண் எலும்பைத் தொட்டுவிடும், அதற்கப்புறம் என்னைக் கூப்பிட வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார்.

அவர் வாசல் தாண்டியதும் அப்பா என்னைப் பார்த்துச் சொன்னார்: "பெத்த புள்ள முன்னால அவுத்துப் போட்டுட்டுக் கெடக்கறதுக்கு, புழுத்தே போயிடறேன்."

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இந்தப் பிடிவாதத்துக்கா நான் இவரைப் பறிகொடுப்பது?

இன்று காலையில்தான் கடிதம் வந்தது.

இரண்டாவது தடவை என்பதால் ஒவ்வொரு வார்த்தையாக நிதானமாக வாசித்தேன். தம்பிக்கு ஒரு முதியோர் விடுதியில் வேலை. அங்கே ஒரு பெரியவரைத் தினமும் குளிப்பாட்டிவிட வேண்டும். நூறு ஏக்கர் வைத்து விவசாயம் பார்த்தவர். வயது எண்பத்திரண்டு. அவருக்கும் ஒரு பக்கம் விழுந்துவிட்டது.

"மொதல்ல எம்பதுன்னு படிச்சயே?"

"எழுத்து கோழி கெளறுன மாதிரி இருக்குதுங்கப்பா."

அவன் கையெழுத்து லட்சணம் அப்பாவுக்குத் தெரியும். மேலே படி என்று தலையசைத்தார்.

வழக்கமாக அந்தப் பெரியவரைப் பார்த்துக்கொள்ளும் பெண் லீவில் போனதால்தான் தம்பிக்கு இந்த வேலை கிடைத்தது. அவளுக்கு என் வயதுதான் இருக்குமாம். ஆரம்பத்தில் பெரியவர் அவளைக் கிட்டேயே விடவில்லையாம். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாராம். ஒருநாள் அவரே கையைத் தூக்கிக் கொடுத்தாராம். அன்றிலிருந்து வேறு யார் தொட்டாலும் அவருக்குப் பிடிப்பதில்லையாம்.

அப்பா கூரையைப் பார்த்தபடி கிடந்தார்.

"நூறு ஏக்கராக்காரனா?"

"ஆமாங்கப்பா."

"பொட்டப்புள்ளையா குளிப்பாட்டுது?"

ஒரு வார்த்தை கூடச் சொன்னாலும் காரியம் கெட்டுவிடும் என்று பயமாக இருந்தது. தாளை மடித்துக்கொண்டு நின்றேன். கிணற்று மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது, பிறகு நின்றது. கரண்ட் போயிருக்கும்.

"தண்ணி காய வெக்கறயா, சாமி?" என்றார்.

புறக்கடைக்கு ஓடினேன். தவலையில் தண்ணீர் ஊற்றி ஒரு கொத்து வேப்பிலையைப் போட்டேன். காற்றில் விறகு பிடிக்கவில்லை. கடிதத்தை அடியில் செருகித் தீக்குச்சியைக் கிழித்தேன். சாயங்காலம் மயில்சாமி சித்தப்பா வந்தால், அவரையும் ஒருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்பார் அப்பா.

கடிதத்தில் இருந்தது மொத்தம் ஏழு வரி. ஒரே அறையில் சினேகிதர்கள் நாலு பேர். பாட்டில் கம்பெனியில் பெட்டி அடுக்கும் வேலை. அந்தச் சம்பளத்தில் எல்லோருமாகப் பனிமலை பார்க்கப் போகிறார்கள், அதனால் இந்த வருடமும் ஊருக்கு வர முடியாது. அப்பாவை ஆண்டி நன்றாகப் பார்த்துக்கொள்வார், நீ கவலைப்படாதே.

பெரியவர் என்று ஒருவர் அதில் இல்லவே இல்லை.

தண்ணீரோடு நான் உள்ளே போனபோது அப்பா கண்ணை இறுக மூடியிருந்தார். இடது கையைக் கொஞ்சம் தூக்கி வைத்திருந்தார்.

துணியை நனைத்துப் பிழிந்து, தோளிலிருந்து துடைத்துக்கொண்டே கீழே வந்தேன். புண்ணுக்குப் பக்கத்தில் கை போனதும் அவர் உடம்பு ஒரு தடவை தூக்கிப்போட்டது. வாயைத் திறக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"தம்பிக்கு எழுதறப்ப, அந்தப் பெரியவருக்கு முதுகுல அழுத்தித் தேய்க்க வேண்டாம்னு எழுது சாமி. எரியும்."

"எழுதறேனுங்கப்பா" என்று சொல்லிவிட்டு, கையை லேசாக்கினேன்.