மருமகளுக்காக ஓர் ஊர்வலம்

"என்ன மதினி, இந்த வேனாவெயிலுல வாசல்ல சிலுவைக் கொடி கட்டுதிய? சபையில அசன விருந்தா?"

அடுத்த வீட்டு ஞானபூரணம் கேட்டதும் ஏசுவடியாள் நாற்காலியிலிருந்து இறங்கினாள்.

"அசனமும் இல்ல, பிரதிஷ்டையும் இல்ல. இது நார்வே நாட்டுக் கொடி. இன்னைக்கு மே பதினேழு. நமக்குச் சுதந்திர தினம் மாதிரி அவுகளுக்கு இது."

"அதுக்குச் சங்கரன்கோவில்ல எதுக்குக் கொடி?"

"எல்லாம் எம் மருமவளுக்காகத்தான்."

பன்னிரண்டு வருடம் நார்வேயில் குப்பை கொட்டிய மகன் ஷெர்வின், அப்பா இறந்த பிறகு ஜவுளிக்கடையைப் பார்க்க ஊரோடு வந்துவிட்டான். கூடவே அந்த ஊர்க்காரியான மனைவி இங்ரிட்டும், அவனிடம் கற்ற நம்ம ஊர்த் தமிழோடு வந்தாள். ஏசுவடியாளுக்குப் போன உயிர் திரும்பியது போலிருந்தது. ஆனால் கொஞ்ச நாளாக, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர்கள் அறைக்குள்ளிருந்து விசும்பல் சத்தம் கேட்கிறது.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அவளுக்கு ஊரு நெனப்பு வந்துட்டு ஞானம். கதவைச் சாத்திட்டு அழுவுதா. அவ கெளம்பினா எம் பிள்ளையும் பின்னாலயே போயிருவான். அதான், அந்த ஊரையே இங்கன கொண்டாந்துருவோம்னு பாத்தேன்."

"நீங்க லேசுப்பட்ட ஆளா மதினி!" என்று சிரித்துக்கொண்டே ஞானபூரணம் கொடிக்கயிற்றின் மறுமுனையைப் பிடித்தாள்.

சாயங்காலம் ஊர்வலம் கிளம்பியது. நார்வேயில் இந்த நாளில் பிள்ளைகள் கொடி பிடித்துப் போவார்களாம். எத்தனை ஐஸ்கிரீம் கேட்டாலும் பெரியவர்கள் மறுக்கமாட்டார்களாம். தெருப் பிள்ளைகளுக்குக் கேட்கவா வேண்டும்? காகிதக் கொடியும் குச்சி ஐஸுமாகத் தெருவையே ஒரு கலக்கு கலக்கிவிட்டார்கள். முன்னால் இங்ரிட், அவள் ஊர்க் கம்பளிப் பாவாடையும் நெஞ்சில் வெள்ளிப் பதக்கமுமாக, முகம் சிவந்து நடந்தாள்.

"பாத்தாலே எனக்கு வேர்க்குது," என்றாள் ஞானபூரணம்.

ஊர்வலம் வாசலுக்குத் திரும்பியதும் இங்ரிட் செல்போனில் நார்வேயின் தேசிய கீதத்தைப் போட்டாள். எல்லோரும் அசையாமல் நின்றார்கள். ஷெர்வின் மட்டும் விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டான். அம்மா கூத்தடிக்கிறாள் என்று கோபமோ? ஏசுவடியாள் அவன் போன பக்கமே பார்த்தாள்.

பாட்டு முடிந்தது. இங்ரிட் கண்ணைத் துடைத்தாள். ஏசுவடியாள் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அழாத மக்கா. அம்மா அப்பாவைப் பாக்கணும்னா ஒரு எட்டு போயிட்டு வா. ஆனா ஒரேயடியா எம் பிள்ளையக் கூட்டிட்டுப் போயிராத. மறுபடியும் அவன் இல்லாம என்னால முடியாது." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

இங்ரிட் குழப்பத்தோடு மாமியாரைப் பார்த்தாள்.

"நான் எங்க அத்தே அழுதேன்? இது வேர்வை. எனக்கு இங்கன இருக்கத்தான் புடிச்சிருக்கு. நார்வேக்குப் போவணும்னு தெனமும் கதவைச் சாத்திட்டு அழுவுதது உங்க மவன். அத்தைய விட்டுட்டு வரமாட்டேன்னு நாந்தான் அவரைப் புடிச்சு வச்சிருக்கேன்."