ரூ-பிங்குக்கு மட்டும் வெட்டாதீங்க

"மொத்தப் பேருக்கும் கிராப் வெட்டி அனுப்பியிருக்கியே, உனக்கு அறிவிருக்கா?"

கடைக்குள்ள நுழைஞ்சதும் நுழையாததுமா காய்-சினோட அம்மா ஆரம்பிச்சுட்டாங்க. ஸ்டேஷன் பக்கத்துல சோயாப் பால் கடை வெச்சிருக்கவங்க. ஏப்ரனைக்கூடக் கழட்டாம ஸ்கூட்டர்ல வந்திருந்தாங்க.

நான் முடி வெட்டுறவ. உட்கார்ந்து வெட்டுன்னா வெட்டுவேன். "உங்க பொண்ணுதான் காலையில டீமையே கூட்டிக்கிட்டு வந்தா. அவளைக் கேளுங்க"ன்னு சொன்னேன்.

"கேட்டேனே. சினிமாப் பைத்தியம். ஏதோ நீச்சல் டீம் படம் ஓடுதாமே, அதுல வர்ற பொண்ணு இப்படித்தான் வெட்டியிருக்காளாம்."

"என்கிட்டயும் அதான் சொன்னாளுங்க."

அந்தப் படத்தை நான் பார்க்கலை. கடையை விட்டு நகர எனக்கு ஏது நேரம்? போஸ்டரைப் பார்த்தேன், எல்லாப் பொண்ணுங்களும் நீச்சல் தொப்பி போட்டுக்கிட்டு நிக்கிறாங்க. ஒரு தோத்தாங்கோளிப் பள்ளிக்கூடம் இருக்கும், கடைசியில ஜெயிக்கும், தியேட்டரே அழும். வருஷத்துக்கு ஒண்ணு இப்படி வந்துடுது. நானும் போனா அழுவேன், அது வேற விஷயம்.

எங்க ஊர்ப் பொண்ணுங்க கயிறு இழுக்கிறவங்க. எட்டுப் பேர் டீம். பெரிய பள்ளிக்கூடங்ககிட்ட தோத்ததைத் தவிர வேற எதுவும் பண்ணினதில்ல. மறுநாள் தலைநகர் தைபேயில போட்டி.

"போட்டியை வெச்சுக்கிட்டு சிங்காரம் கேக்குதா இவளுங்களுக்கு? சின்ன வயசுலேர்ந்து சீவிச் சீவி வளர்த்த முடிம்மா"ன்னு சொல்லிக்கிட்டே காய்-சின் அம்மா காலி நாற்காலியில உட்கார்ந்தாங்க. குரல் கொஞ்சம் இறங்கியிருந்துச்சு.

"முடி வளர்ந்துடும். எனக்கு உங்க பொண்ணு மேல வேற கோபம்."

"என்ன?"

"போகும்போது சொல்றா, 'ரூ-பிங் வந்தா அவளுக்கு மட்டும் வெட்டாதீங்க அக்கா, அவ மூஞ்சிக்கு இது எடுக்காது'ன்னு. மத்தவளுங்களும் தலையை ஆட்டுறாளுங்க."

ரூ-பிங் அந்த டீம்ல எட்டாவது ஆள். கயிறோட கடைசி முனையை உடம்புல சுத்திக்கிட்டு நிக்கிறவ. நல்ல பூசின உடம்பு. அவ முடியைத்தான் நான் இந்த ஊர்லயே அழகுன்னு சொல்வேன்.

"குண்டாப் பொறந்துட்டா சேர்த்துக்கக் கூடாதா? உங்க பொண்ணு இப்படி இருப்பான்னு நான் நினைக்கலை."

"என் பொண்ணா அப்படிச் சொன்னா?"

அந்த நேரம் பார்த்து ரூ-பிங்கே உள்ள வந்தா. பைகூடக் கழட்டாம கண்ணாடி முன்னால உட்கார்ந்தா.

"எனக்கும் அவங்களை மாதிரியே வெட்டணும் அக்கா."

நான் சீப்பைக் கீழ வெச்சேன். "உனக்கு எதுக்குடி இந்தக் கோலம்? இப்படியே அழகா இருக்கே."

"நீயுமா படம் பார்த்துக் கெட்டே?"ன்னு காய்-சின் அம்மா.

ரூ-பிங் சிரிக்கலை. "எங்க போட்டியில எட்டுப் பேர் எடையையும் கூட்டித்தான் பார்ப்பாங்க அத்தை. அளவு தாண்டினா இறங்க விட மாட்டாங்க. நேத்து பள்ளிக்கூடத்துல நிறுத்துப் பார்த்தோம். ஒரு கிலோ கூட இருந்துச்சு."

"அதுக்கு?"

"என்னாலதான் கூடுது. நாளைக்கும் எடை கூட இருந்தா என்னை எடுத்துட்டு மாத்து ஆளைப் போட்டுடுவேன்னு கோச் சொல்லிட்டார். மூணு வருஷமா அந்தக் கயிறைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது. நேத்தெல்லாம் அழுதுக்கிட்டே இருந்தேன்."

"அடப் பாவமே. இப்ப என்ன ஆச்சு?"

"மத்தியானம் மறுபடி எடை பார்த்தாங்க. சரியா வந்துடுச்சு. 'நேத்து மெஷின் தப்பாக் காட்டியிருக்குடி'ன்னு காய்-சின் சொன்னா. எல்லாரும் ஆமா ஆமான்னாங்க."

மூலையில ஒரு சாக்கு கிடந்துச்சு. காலையில கூட்டி அள்ளின ஏழு பேர் முடி, சவுரி பண்றவருக்காகக் கட்டி வெச்சது. தூக்கி வெக்கிறப்ப முடிக்கா இவ்வளவு கனம்னு நினைச்சேன். இப்பத்தான் எனக்குப் புத்தியில ஏறுச்சு.

காய்-சின் அம்மாவும் அந்தச் சாக்கையேதான் பார்த்துக்கிட்டிருந்தாங்க. ஏப்ரனால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. பெத்தவளாச்சே, வேற என்ன செய்வாங்க.

ரூ-பிங்கோட முடியைக் கையில எடுத்தேன். வெட்ட மனசு வரலை.

"எடைதான் சரியாயிடுச்சேம்மா. நீ ஏன் வெட்டிக்கணும்?"

"அவங்க அந்தப் படத்தைப் பார்த்துட்டுத்தான் வெட்டிக்கிட்டாங்கன்னு நான் நம்பணும்னு ஆசைப்படுறாங்க அக்கா. நானும் இதே மாதிரி வெட்டிக்கிட்டுப் போய் நின்னா, நம்பிட்டேன்னு நிம்மதியா கயிறு இழுப்பாங்க."

"அப்ப அந்தப் படத்தை நீ பார்த்துட்டியா?"

"போன வாரமே அம்மாகூடப் போய்ப் பார்த்துட்டேன். டீம்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்க"ன்னு சொல்லிட்டு ரூ-பிங் கண்ணை மூடிக்கிட்டா. "அதுல அந்தப் பொண்ணுக்கு இடுப்பு வரைக்கும் பின்னல்."