வேலிக்குள் ஓர் ஏக்கர்

"ஆட்டை உள்ளே விடாம இருந்ததே போதும். அதுதானே நீங்க கண்டுபிடிச்சது?"

முள்கம்பி வேலியை ஒட்டி நின்று கேட்டார் பீமாராவ். ஆராய்ச்சிகளுக்கு நிதி கொடுக்கும் அரசுத் துறையில் அதிகாரி. முதல் வருட வேலையைப் பார்வையிடச் சென்னையிலிருந்து வந்திருந்தார்.

"அளந்து பார்த்ததுல அப்படித்தான் சார் வருது," என்றாள் தமிழ்வாணி.

கீழக்குயில்குடியைத் தாண்டி நாற்பது ஏக்கர் மேய்ச்சல் புறம்போக்கு. அதில் ஓர் ஏக்கரை மட்டும் வேலி போட்டு அடைத்து, வெளியே எவ்வளவு புல், உள்ளே எவ்வளவு புல் என்று ஒரு வருடமாக அளந்துகொண்டிருந்தாள் அவள். வெளியே புல் கணுக்கால் உயரம்கூட இல்லை. உள்ளே கொழுக்கட்டைப்புல் முழங்காலைத் தாண்டிக் கதிர் விட்டு நின்றது.

பீமாராவ் கண்ணால் பார்த்ததை மட்டும் நம்பாமல் தானே குனிந்து நாலு இடத்தில் டேப் வைத்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகத்தில் திருப்தி தெரிந்தது.

"விண்ணப்பத்துல வேற மாதிரி எழுதியிருந்தீங்களே? ஆடு மேயறதால நிலம் கெடாதுன்னு."

"அப்படித்தான் சார் நினைச்சேன். புரட்டாசி வரைக்கும் உள்ளேயும் வெளியேயும் ஒரே கட்டாந்தரைதான். மழைக்கு அப்புறம் வந்து பார்த்தா இப்படி. நான் நினைச்சது தப்புன்னு ஆகிப்போச்சு."

"ஆனா என்னம்மா? நினைச்சதுக்கு எதிரா வந்ததை மறைக்காம எழுதியிருக்கீங்க. அதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு."

காரின் பானட் மேல் ஃபைலை விரித்தார்.

"அடுத்த மூணு வருஷத்துக்கும் நிதி தரலாம்னு எழுதிடறேன். கூடவே ஒரு சிபாரிசு. நாற்பது ஏக்கரையும் மூணு வருஷம் மூடிடலாம். தை மாசத்திலிருந்து ஒரு ஆடுகூட உள்ளே வரக்கூடாது."

முதல் வாக்கியத்தில் தமிழ்வாணிக்கு உயிர் வந்தது. நிதி நின்றால் அவள் வேலையும் நின்றுபோகும். பழங்காநத்தத்து வாடகை வீடு அவள் ஒருத்தி சம்பளத்தில்தான் ஓடுகிறது. கடைசி வாக்கியம் அதன் பிறகுதான் உறைத்தது.

"சார், இங்கே மேய்க்கிற குடும்பங்க இருக்கு. அவங்க எங்கே போவாங்க?"

"கஷ்டம்தான். வேற இடம் காட்டச் சொல்லி எழுதறேன். ஆனா ஆடு வந்தா புல் வராதுன்னு சொல்றது நான் இல்லையேம்மா, உங்க ரிப்போர்ட்தானே?"

அவர் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

கார் போவதற்காகவே காத்திருந்தவள் மாதிரி ஒச்சாயி வந்தாள். அவளும் அவள் புருஷன் ஜெயபாண்டியும் அந்தப் புறம்போக்கில்தான் எண்பது செம்மறி மேய்த்தார்கள். தான் டீச்சர் என்று கூப்பிடும் தமிழ்வாணி கேட்டுக்கொண்டதற்காக வேலியையும் அவள்தான் காவல் பார்த்தாள்.

"என்ன டீச்சரு, ஆபீசரு சிரிச்ச மொகமாப் போறாரு? காசு வந்துருச்சா?"

"வந்துருச்சுக்கா. மூணு வருஷத்துக்கு."

"ஒச்சாண்டம்மா காப்பாத்திட்டா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள் ஒச்சாயி. "அப்புறம் ஏன் நீ மூஞ்சியத் தொங்கப் போட்டுருக்க?"

தமிழ்வாணி மெதுவாகச் சொன்னாள். தை மாதம். மூன்று வருடம்.

"நாப்பது ஏக்கருமா?"

"ஆமாக்கா."

ஒச்சாயி திரும்பித் தன் ஆடுகளைப் பார்த்தாள்.

"கம்மாய்க்கரைப் பக்கம் ஆட்டைப் பத்திட்டுப் போலாம்னா, அங்கயும் பிளாட்டு போட்டுட்டாய்ங்க..." கையிலிருந்த கம்பைத் தரையில் ஊன்றினாள். "சரி விடு. பாதிய வித்துப்புட்டு என்னமோ பொழச்சுக்கிறோம். ஒனக்கு வேல நெலச்சுச்சுல்ல, அது போதும்."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது தமிழ்வாணிக்கு.

"நான் என்னக்கா செய்ய? ஒரு வருஷமா ஆடு உள்ளே போகலை, அதனாலதான் புல் இப்படி வளர்ந்துச்சுன்னு நானே எழுதிக் கொடுத்துட்டேன்."

ஒச்சாயி அவளை ஒரு மாதிரி பார்த்தாள்.

"ஆடு போகலைன்னு ஆரு சொன்னா?"

"என்னக்கா சொல்றீங்க?"

"புரட்டாசியில ஒனக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில கெடந்தேல்ல? அதுக்கு முன்னாடிதான, உள்ள ஒண்ணுமே மொளைக்கல, வேல போயிரும்னு போன்ல ஆருகிட்டயோ சொல்லி அழுத. எங்களுக்கு மனசு கேக்கல. எரு வேணும்னா வயக்காட்டுக்காரவுக காசு குடுத்து எங்க ஆட்டக் கூப்புட்டுக் கிடை போடச் சொல்லுவாக. ஒனக்கு நாங்க சும்மாவே போட்டோம். எண்பது ஆட்டையும் பத்து நாளு ராத்திரியும் இந்த வேலிக்குள்ளதான் அடைச்சு வச்சிருந்தோம். நீ வாரதுக்குள்ள மழை பேஞ்சு எருவெல்லாம் கரைஞ்சு மண்ணுக்குள்ள போயிருச்சு. நீ வைவியோன்னுதான் சொல்லல."

தமிழ்வாணி வேலிக்குள்ளே பார்த்தாள். பிறகு கைப்பையைத் துழாவிப் போனை எடுத்தாள்.

"சார், வண்டியைத் திருப்புங்க... அந்தப் புல்லை வளர்த்ததே ஆடுங்கதான்!"