தம்பி சொன்னால் இருக்கும்

தெருவுக்கு எதிரே இருந்த மர விடுதியில் காலையிலிருந்து ஆணி பிடுங்கும் சத்தம். இந்தப் பக்கத்து விடுதிக்காரருக்கு அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்க்கவே மனம் வரவில்லை.

மலைக்கோயிலுக்குப் போகும் யாத்ரீகர் ஒருவர் பையை இறக்கினார்.

"ரூம் கிடைக்குமா? எதிர்த்தாப்புல மூட்டைப்பூச்சியாம்."

"நூறு வருஷத்து மரம் பாருங்க. இடுக்குல புகுந்துட்டா லேசுல போகாது."

"உங்களதும் அதே மரந்தானே?"

விடுதிக்காரர் சாவியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டார். "டீக்கடையில சொன்னாங்களா?"

"இல்லை, அந்த விடுதிக்காரரேதான் சொன்னார். 'என் கண்ணுல படலை. ஆனா தம்பி சொல்றானாம், அவன் சொன்னா இருக்கும். பூச்சி போறவரைக்கும் அவன்கிட்டயே தங்குங்க'ன்னு அனுப்பினார். நீங்கதானே அந்தத் தம்பி?"

தான் டீக்கடையில் அவிழ்த்துவிட்ட புளுகை அண்ணனே நம்பிவிடுவார் என்று அவர் நினைக்கவில்லை. சாவியை மேசையில் போட்டுவிட்டுத் தெருவைக் கடந்து ஓடினார்.

அங்கே கட்டில்கள் எல்லாம் பிரிந்து கிடந்தன. தாத்தா இழைத்துப் பதித்த சுவர்ப்பலகைகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்துக்கொண்டிருந்தார் அண்ணன்.

"போதும்ணே. விட்டுடுங்க."

அண்ணன் நிமிர்ந்து, கையிலிருந்த டார்ச்சை அவரிடம் நீட்டினார்.

"நல்லவேளை, வந்தே. எனக்குக் கண்ணு சரியாத் தெரியலை. நீ எந்த இடுக்குலடா பாத்தே? காட்டு."