நடு அடுக்கு

காலையிலிருந்து முப்பத்தேழு 'டும்' செய்துவிட்டான். ஒன்றுகூட நெஞ்சில் குத்தவில்லை.

பாட்டின் தாளத்தைத் தாங்கும் 'கிக்' டிரம் கேட்பதற்குத்தான் ஒரே அடி. உள்ளே மூன்று அடுக்கு. கீழே வயிற்றை அசைக்கும் கனத்த ஓசை. அதைக் கணினியிலேயே வளைத்து இறக்கிவிட்டான். மேலே 'டிக்' என்று காதைத் தொடும் நுனி. அதற்கு ஒரு ஸ்டேப்ளர் போதுமாக இருந்தது. நடுவில் வரவேண்டிய அந்தக் குத்துதான் டிமிக்கி கொடுத்துக்கொண்டிருந்தது.

தலையணையைக் குத்திப் பார்த்தான். அட்டைப் பெட்டியை உதைத்துப் பார்த்தான். காலி தண்ணீர் கேனைத் தொடையில் அடித்ததில் தொடை சிவந்ததுதான் மிச்சம்.

நடனக் குழுவுக்கு இன்று மாலைக்குள் பாட்டு போயாக வேண்டும். ஏற்கெனவே இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். "உடம்பு தானா ஆடணும் சார். இதுக்குத் தலைதான் ஆடுது" என்றிருந்தார் மாஸ்டர்.

வேலை செய்ய அமைதிக்கு மட்டும் குறைவில்லை. மூன்று நாளாக மனைவி அவனோடு பேசவில்லை.

தப்பு அவன்மேல்தான். மாமியாருக்குக் கண் ஆபரேஷன். எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருப்பேன் என்று வாக்குக் கொடுத்தவன், ஒரு 'டும்'மோடு மல்லுக்கட்டிவிட்டுப் பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தான். அதற்குள் கண்ணில் கட்டே போட்டாகிவிட்டது. போனவன் சும்மா இருந்தானா? "எப்படி இருக்கீங்க அத்தை" என்று கேட்பதற்கு முன்னால், கட்டிலின் இரும்புக் காலைச் சுண்டிப் பார்த்தான்.

அதை மனைவி பார்த்துவிட்டாள்.

அன்றிலிருந்து ஃபிரிட்ஜில் ஒட்டிய சீட்டுகள்தான் பேசின. 'பால் இல்லை.' 'கேஸ் சொல்லியாச்சு.'

முப்பத்தெட்டாவது முயற்சி, மெத்தை. மைக்கை நிறுத்தி, பதிவை ஓடவிட்டு, ஹெட்ஃபோனில் தாளத்தைச் சத்தமாக வைத்துக்கொண்டு கையை ஓங்கினான்.

வாசல் கதவு அறைந்து சாத்தப்பட்டது.

அவன் அறை வாசலை ஒட்டியது. காதில் எதுவும் விழவில்லை, உள்ளங்காலில் ஏறியது. திரையில் பச்சைக் கோடு எகிறிக் குதித்தது. அந்த அலையின் வடிவத்தை வாய்பிளந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

இதேதான்.

மைக்கைப் பிடுங்கிக்கொண்டு, வயர் பின்னால் இழுபட, வாசலுக்கு ஓடினான். ஹெட்ஃபோனைக் கழற்றத் தோன்றவில்லை. அதனால் தெருவுக்கே கேட்கும்படி கத்தினான்.

"அதே மாதிரி இன்னொரு தடவை சாத்து!"

மூன்று நாளில் அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை.

சிறிது நேரம் கழித்துக் கதவு திறந்தது. பாதி முகம் தெரிந்தது. ஆளைப் பொசுக்க அந்தப் பாதியே போதும். அவனோ ஹெட்ஃபோனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, மைக்கைப் பூட்டுக்குப் பக்கத்தில் நீட்டிக் கண்ணை மூடி நின்றான்.

சாத்தினாள். பிறருடைய தோள்பட்டையைத் திருகி நேராக்குகிற பிசியோதெரபிஸ்ட் கை. நிலையே ஆடியது.

"இன்னும் கொஞ்சம் கோபமா!"

"அதுக்கு என்ன பஞ்சம்?" என்றவள் மறுபடியும் அறைந்தாள்.

ஐந்தாவது அறைக்கு எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "ரெக்கார்டிங்" என்றாள் அவரிடம், பிழைப்பே அதுதான் என்பதுபோல.

ஏழாவதில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதவு 'பொத்'தென்று சோர்ந்து விழுந்தது. "அவ்ளோதான். தீந்துபோச்சு. போய் வேலையைப் பாரு."

ஓடினான். ஏழையும் வரிசையாகக் கேட்டான். ஏழும் நடிப்பு. அதற்கு முன்னால், அவன் கேட்காமலே சாத்தினாளே, அந்த முதல் அடிதான் அசல். அதை எடுத்துக் கனத்த ஓசையின்மேல் வைத்தான். முதலில் இரண்டும் ஒன்றையொன்று விழுங்கின. ஒரு நூலளவு தள்ளிவைத்து ஸ்பீக்கரில் போட்டதும், மேசைமேல் இருந்த பேனா நகர்ந்தது.

இனி வாலை வெட்டினால் முடிந்தது. கதவுச் சத்தத்துக்குப் பின்னால் வேண்டாத இரைச்சல் ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கே வெட்டுவது என்று பார்க்க ஹெட்ஃபோனை மாட்டி, ஒலியைக் கூட்டினான்.

கதவு.

அதன் பின்னால், வராந்தா ஓடுகளின் இடுக்குகளில் ஏறி இறங்கியபடி, சின்னச் சக்கரங்கள் உருண்டு போயின. கடக், கடக், கடக்.

லிஃப்ட் வந்து நின்ற மணி.

பிறகு ஒரு முட்டாளின் குரல், எதையோ இன்னொரு தடவை சாத்தச் சொல்லி.

நான்கு நொடி, ஒன்றுமில்லை.

லிஃப்ட் கதவு தானாக மூடிக்கொண்டது. சக்கரங்கள் திரும்பி வந்தன.

அவன் ஹெட்ஃபோனைக் கழற்றினான். எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய் நின்றான்.

"இதை அனுப்பிட்டு... அத்தையைப் பாக்கப் போலாமா? நாலு நாள் இருந்துட்டு வரலாம். ரெண்டு பேரும்."

அவள் திரும்பவில்லை. ஒரு டம்ளரில் டீ ஊற்றினாள். இன்னொரு டம்ளரை எடுத்து அதிலும் ஊற்றினாள்.

"போலாம். உன் துணிய மட்டும் எடுத்து வை. என் பெட்டி ரெடியாத்தான் இருக்கு."