மூன்றாம் நாள் பாய்

பின்கட்டில், கோரைப்பாயில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

தனித் தட்டு. தனி டம்ளர். மூன்றாம் நாள்.

தீட்டு இல்லை. ஒரு மாதம்கூட இருந்ததில்லை. அது அவளுக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும்.

மூன்று வருடமாக, மாதம் தவறாமல் ஐந்தாம் தேதி அம்மா பாயை எடுத்துப் போடுவாள். இவள் வந்து உட்காருவாள். பின்பக்கத்துச் சந்தில் போகிறவர்கள் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இத்தனையும்.

பதினைந்து முடிந்தும் அவள் ஆளாகவில்லை. கூடப் படித்தவர்கள் எல்லோருக்கும் சடங்கு முடிந்துவிட்டது. அவளும் மளமளவென்று உயர்ந்தாள். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. அது மட்டும் வரவில்லை.

ஊருக்குத்தான் எத்தனை கவலை! தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி, ரேஷன் கடை வரிசையில் இன்னொருத்தி. இன்னுமா, இன்னுமா என்று அம்மாவைத் துளைத்தெடுத்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அம்மா தெருவில் போய் நின்றாள். மகள் ஆளாகிவிட்டாள் என்று சொல்லிவிட்டாள்.

மாமா பச்சை ஓலை வெட்டி வந்து குச்சு கட்டினார். தாம்பாளம் தாம்பாளமாகச் சீர் வந்தது. தெருமுனையில் அவள் படம் போட்ட பேனர் நின்றது. தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றும்போது அம்மா அழுதாள். பெற்றவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை என்றார்கள்.

இன்றில்லாவிட்டால் நாளை வந்துவிடும், பொய் தானாக உண்மையாகிவிடும் என்று அம்மா நம்பினாள்.

வரவில்லை.

அம்மாவையும் சும்மா குறை சொல்ல முடியாது. அவளுக்கு ஓர் அக்கா இருந்தாள். வேலம்மாள். கடைசிவரை ஆளாகாதவள். ஊர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. இருசி என்றுதான் கூப்பிட்டது. நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்கள் அவள் எதிரே வந்தால் வீட்டுக்குத் திரும்பிப் போய், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி புறப்படுவார்கள். முப்பது வயதில் அவளைக் கிணற்றிலிருந்து தூக்கினார்கள்.

அந்த வீட்டில் அவளுடைய படம் ஒன்றுகூட இல்லை.

தை மாதம் இவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மாமா மகன் சரவணமுத்து. நல்லவன். முதல் பிள்ளைக்குப் பேர்கூட யோசித்து வைத்திருக்கிறான். போனில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான்.

இவள் பேச்சை மாற்றிவிடுவாள்.

அதனால்தான் பிடிவாதம் பிடித்து அம்மாவை மதுரைக்கு இழுத்துப் போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். முடிவு போன வாரம் வந்தது. டாக்டரம்மா நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்.

கருவில் ஆறேழு வாரம்வரை எல்லாக் குழந்தையும் ஒன்றுபோலத்தான் இருக்குமாம். அதற்குப் பிறகுதான் ஆண் பெண் என்று பிரியுமாம். இவளுக்கு இருப்பது ஆண்களுக்கு உள்ள குரோமோசோம். ஆணாக வளரச் சொல்லும் ஹார்மோனும் உள்ளே சுரந்திருக்கிறது. உடம்பு அதை ஏற்றுக்கொள்ளவில்லை. அதனால் பெண்ணாகவே வளர்ந்தாள். வயதுக்கு வரும் காலத்திலும் அப்படியே. கர்ப்பப்பை மட்டும் உருவாகவே இல்லை.

"நீ பொண்ணுதாம்மா. அதுல உனக்குச் சந்தேகமே வேண்டாம். கருத்தரிக்கத்தான் முடியாது."

பெரும்பாலும் தாய்வழியில் வருவது, உங்கள் பக்கத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டார்.

அம்மா இல்லை என்றாள்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, ஊர் வரும்வரை, எங்கக்கா, எங்கக்கா என்று முனகிக்கொண்டே வந்தாள். இறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றாள்.

ஐந்தாம் தேதி வந்தது. பாயைப் போட்டாள்.

இப்போது வாசலில் செருப்புச் சத்தம். அத்தை. சரவணமுத்துவின் அம்மா. முகூர்த்தப் புடவைக்கு நாள் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். உள்ளே வந்து பின்கட்டை எட்டிப் பார்த்தாள். பாயையும் தட்டையும் பார்த்ததும் அத்தையின் முகம் மலர்ந்தது.

"மாசாமாசம் ஒழுங்கா வருதுல்ல?"

"கடிகாரம் மாதிரி வருது, மதினி" என்றாள் அம்மா.

போனில் கேட்ட சரவணமுத்துவின் சிரிப்பு அவள் காதில் ஒலித்தது.

அவள் எழுந்தாள்.

நிலைப்படியைத் தாண்டினாள். மூன்று வருடத்தில், மூன்றாம் நாளில், அவள் தாண்டாத நிலைப்படி. அத்தை சேலையைச் சுருட்டிக்கொண்டு சுவரோடு ஒண்டினாள்.

"ஏட்டி, தீட்டோட எங்க போற?"

அவள் சாமி அறைக்குள் போனாள். விளக்கு ஏற்றும் நேரம்தான். தீப்பெட்டியை எடுத்தாள். முதல் குச்சி ஒடிந்தது.

"கனி! நீ என்ன பாத்துக்கிட்டு நிக்க?" என்று அத்தை அம்மாவைப் பார்த்துக் கத்தினாள்.

அம்மா ஓர் அதட்டுப் போட்டால் போதும். புத்தி கெட்டவள், நாள் கணக்கை மறந்துவிட்டாள் என்று சொல்லிவிடலாம். வீட்டைக் கழுவிவிட்டுப் புடவை எடுக்கப் போய்விடலாம். தையில் கல்யாணமும் நடந்துவிடும்.

அந்த அதட்டலுக்காக அவள் காத்திருந்தாள். முதுகு கூசியது.

இரண்டாவது குச்சியில் திரி பற்றிக்கொண்டது.

அதட்டல் வரவில்லை. பின்கட்டில் சரசரவென்று ஏதோ சத்தம். திரும்பிப் பார்த்தாள்.

அம்மா குனிந்து பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். சுருட்டிச் சுவரோரம் சாத்தினாள். தட்டையும் டம்ளரையும் எடுத்து வந்து, அடுக்களையில் மற்ற பாத்திரங்களோடு சேர்த்து வைத்தாள்.

முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"உக்காருங்க மதினி" என்றாள். "எங்கக்காவைப் பத்திக் கொஞ்சம் பேசணும்."